முகமூடிக்குள் நாலரை நிமிடம்

பயமாக இருக்கிறதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தை அந்தமானில், எங்கள் ஷாதிபூர் வீட்டில் என் வீட்டுக்காரர் பல வருடங்களாக வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கதையில் நான் ஒரு வீராங்கனை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு அடியில் படுத்து, முகத்தில் முகமூடி மாட்டி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எழுந்து வந்தவள். விருந்தாளி யார் வந்தாலும் டீ ஆறுவதற்குள் அதைச் சொல்லி முடித்துவிடுவார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பொம்பளையைப் பிடிக்காமல் போய்விட்டது.

அப்போது நான் போர்ட் பிளேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படகு கட்டும் தச்சராக இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போய், இங்கேயே மாதா கோயிலில் கல்யாணமும் ஆனது. எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட், எதிரே பலகை நிறைய ஓட்டைகள், கையில் வயர். வங்காளி பாபு, தெலுங்குக் காண்ட்ராக்டர், மலையாளி நர்ஸ் என்று யார் கூப்பிட்டாலும் எங்கள் தீவு இந்தியில் பேசி, கேட்ட நம்பரில் வயரைச் செருகிவிட வேண்டும். மெயின்லேண்டுக்கு டிரங்க் கால் பேசுவதென்றால் ரேடியோ வழியாகத்தான். கடல் இரைச்சலுக்கு நடுவே இரண்டு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். மூன்று நிமிடம் ஆனதும் நான் குறுக்கே புகுந்து, நேரம் முடிந்தது, நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பேன். ஒன்பது வருடம் அதையே செய்ததில் மூன்று நிமிடம் என்பது என் உடம்பில் ஏறிவிட்டது. கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்வேன், ஐந்து வினாடிகூடப் பிசகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் என் இடது காது அடைத்தது. ஹெட்செட் கெட்டுவிட்டது என்று முதலில் இரண்டு முறை மாற்றினேன். பிறகு மூக்கு அடைத்தது. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் நம்பரைச் சொல்வதற்கு முன்னால் ஜலதோஷமா என்று விசாரித்தார்கள். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, மூக்குக்குப் பின்னால் எதையோ வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே மெயின்லேண்ட் போங்கள் என்றார். தீவில் ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 

கப்பல் வர மூன்று வாரம் ஆனது. கட்டி கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் இரண்டையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரும் கிளம்பினோம். அவருக்கு அபர்தீன் பஜாரில் பலசரக்குக் கடை. கடையைச் சாத்திவிட்டு வருவது லேசான காரியமில்லை என்று நான்கு நாள் பயணத்தில் நாற்பது தடவையாவது சொன்னார். கப்பலின் அடித்தளத்தில், அடுக்கடுக்காகக் கட்டியிருந்த படுக்கைகளில் நடு அடுக்கு எனக்கு. மூக்குக்கு ஒரு முழ உயரத்தில் மேல் படுக்கையின் அடிப்பலகை. அதில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இடுக்கைக் கண்டு பயப்படுகிற ஆள் நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெட்ராஸில் கால் வைத்ததும் முதல் வேலை, திரும்பிப் போகிற கப்பலுக்கு இடம் பிடிப்பது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் கப்பல் தேதியைப் பார்த்துத்தான் எல்லாம் நடக்கும். ஒரு கப்பலை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க் கட்டி, மெஷினில் கதிர் வைத்துச் சுட வேண்டும் என்றதும், இவர் டாக்டரிடம் மொத்தம் எத்தனை நாள் என்று கேட்டார். முப்பது தடவை, வாரத்துக்கு ஐந்து, ஆறு வாரம் என்றார் டாக்டர். அன்று மாலையே இவர் போய் ஆறு வாரத்துக்கு அப்புறம் கிளம்புகிற கப்பலில் இரண்டு பேருக்கும் இடம் போட்டுவிட்டு வந்தார். முகமூடி செய்வதற்கும் அளவு பார்ப்பதற்கும் ஆகிற நாட்கள் அந்தக் கணக்கில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. கப்பல் தேதி தெரிந்ததில் எனக்கே பாதி வியாதி குணமான மாதிரி இருந்தது.

ராயபுரத்தில் அவருடைய அத்தை மகன் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதலில் முகத்துக்கு அச்சு எடுத்தார்கள். தலைமுடியைத் துணியால் கட்டி, முகம் முழுக்க வாசலின் தடவி, ஈரமான பிளாஸ்டர் துணியைக் கீற்றுக் கீற்றாக ஒட்டினார்கள். நெற்றி, கண், கன்னம், தாடை, காது எல்லாம் மூடியாயிற்று. முதலில் ஜில்லென்று இருந்தது, போகப்போகச் சூடேறியது. ஒரு காது ஏற்கெனவே செவிடு, இன்னொன்றில் பிளாஸ்டர். இவர் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காக உள்ளே வந்து நின்றார் என்பது மட்டும் தெரியும். டாக்டர் ஏதோ பேசினார், இவர் ஏதோ பதில் சொன்னார். தண்ணீருக்கு அடியில் கிடக்கிறவளுக்குக் கரையில் பேசுவது கேட்கிற மாதிரிதான் கேட்டது.

அந்த அச்சை வைத்துக் கண்ணாடி மாதிரி தெரிகிற கெட்டி பிளாஸ்டிக்கில் முகமூடி செய்தார்கள். ஷெல் என்பது அவர்கள் வைத்திருந்த பெயர். என் முகம்தான், ஆனால் உள்ளே ஆள் இல்லை. மூக்குக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு கீறல்; மூடிய கண்ணுக்கு எடுத்த அச்சு என்பதால் உள்ளே இமையைத் திறக்க முடியாது. என் மூக்கு முக்கால்வாசி அடைப்பு. அந்தத் துளைகளை யாருக்காகப் போட்டார்களோ. முகமூடியின் இரண்டு பக்கமும் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும், அதை மேஜைப் பலகையோடு சேர்த்துத் திருகு போட்டு முடுக்குவார்கள். தலை மயிரிழைகூட அசையக்கூடாது. அசைந்தால் கதிர் கட்டியில் விழாமல் கண்ணிலோ மூளையிலோ விழும் என்று சொன்னார்கள். தைரியம் சொல்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் நாள் டெக்னீஷியன் திருகுகளை முடுக்கினார். ஐம்பது வயதிருக்கும், மெட்ராஸ்காரர், கை சுத்தமாக இருக்கும். மூணு நிமிஷம்தாம்மா, அசையாம படு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கனமான கதவு உருண்டு மூடியது. தலைக்கு மேலே டக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒரு இரைச்சல். வலி ஒன்றும் இல்லை, சூடுகூட இல்லை. அந்த அறையில் எனக்கு எதிராக இருந்தது நான் மட்டும்தான். கையைத் தூக்கினால் முகத்தைத் தொடலாம், ஆனால் திருகைக் கழற்ற முடியாது என்று திடீரென்று புரிந்தது. அவ்வளவுதான். நெஞ்சு அடித்த அடியில் முகமூடியே அதிர்ந்தது. உள்ளே வாய் திறக்கவில்லை, தாடையைப் பிடித்திருந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. இங்கேயே செத்தால் கதவைத் திறக்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். கத்தினேன். பிளாஸ்டிக்குக்குள் கத்தினால் முனகல்தான் வருகிறது.

வெளியே வந்து வராந்தாவில் வாந்தி எடுத்தேன். உடம்பு முழுக்க வேர்வை, கால் தரையில் நிற்கவில்லை. இவர் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஏட்டி, இது ஜஹாஜ் சக்கர். கப்பல்ல வந்த ஆட்டம் இன்னும் எறங்கல. ரெண்டு நாள்ல டீக் ஆயிரும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நாலு நாள் கப்பலில் வந்து இறங்கினால் அதற்கப்புறமும் தரை ஆடும். குளியலறையில் கண்ணை மூடினால் சுவர் சாயும். தீவில் எல்லோருக்கும் இது தெரியும், எல்லோருக்கும் வந்து போகும், யாரும் இதற்கு டாக்டரிடம் போவதில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார், ஊறுகாயை நக்கு என்பார்கள். ஆகவே அவர் சொன்னதும் நானும் நம்பினேன். எனக்குள் ஏதோ ஒரு மூலையில் அது பொய் என்று தெரியும். இறங்கிப் பத்து நாள் ஆகிவிட்டதே, இன்னும் என்ன ஆட்டம்? ஆனால் பயம் என்று சொல்லிக்கொள்வதைவிடக் கப்பல் ஆட்டம் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்தது. முப்பத்தொரு வயதில், இரண்டு பிள்ளை பெற்றவள், ஒரு பிளாஸ்டிக் முகமூடியைக் கண்டு நடுங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது. டாக்டர் வாந்தியைப் பற்றிக் கேட்டபோது இவர்தான் பதில் சொன்னார். கப்பல் ஆட்டம் சார் என்றார். டாக்டர் கப்பலில் போனவரில்லை போலிருக்கிறது, தலையாட்டி எழுதிக்கொண்டார்.

தினமும் காலையில் ஒரு பஸ்ஸைப் போகவிட்டுவிட்டுத்தான் அடுத்ததில் ஏறுவேன்.  ஜெபமாலை சொல்லு என்று அத்தை மகன் மனைவி சொன்னாள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் பத்து மணிக்குள்ளேயே மாதாவின்மேல் கோபம் வந்துவிட்டது. அதோடு அதை விட்டேன்.

ஆனால் அதையெல்லாம்விட என்னை நோகடித்தது அந்த மூன்று நிமிடம். இடப்பக்கம் மூன்று நிமிடம், வலப்பக்கம் மூன்று நிமிடம் என்று அந்த டெக்னீஷியன் தினமும் சொல்வார். எனக்கு மூன்று நிமிடம் தெரியாதா? ஆயிரக்கணக்கான பேருடைய பேச்சை அந்த இடத்தில் வெட்டியவள் நான். மூன்று நிமிடம் வரைக்கும் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். இதோ முடிந்தது, இதோ இரைச்சல் நிற்கப் போகிறது என்று உடம்பு முழுக்கக் காத்திருக்கும். நிற்காது. அந்த இடத்தில்தான் தினமும் என் உயிர் போய் வந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது, மெஷின் நிற்காமல் ஓடுகிறது, என்னை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று தோன்றும். நோயாளி என்றால் கணக்குத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பதினான்காம் தடவை கரண்ட் போனது. நடுப்பகல்தான், ஆனால் அந்த அறைக்கு வெளிச்சம் வர ஜன்னல் கிடையாது. இரைச்சல் நின்றது, விளக்கு நின்றது, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. கரண்ட் போனால் கதிர் தருகிற மருந்து தானாக மெஷினுக்குள் போய்விடும், ஆபத்தில்லை என்று பிறகு விளக்கினார்கள். அப்போது யார் விளக்கினார்கள்? கதவு மோட்டாரில் ஓடுவது, அதைக் கையால் சுற்றித் திறக்க வேண்டியிருந்தது. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியும். ஒரு டிரங்க் கால், இன்னொரு டிரங்க் கால், மூன்றாவதில் பாதி. அதற்குள் நான் தலையை இழுத்து இழுத்து, காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து, தாடையில் ரத்தம் கட்டிவிட்டது. டார்ச் வெளிச்சத்தோடு டெக்னீஷியன் ஓடி வந்து திருகைக் கழற்றினார். நான் அவர் கையைக் கடித்துவிட்டேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. கடித்திருந்தால் நல்லதுதான்.

அடுத்த இரண்டு நாள் நான் போகவில்லை. பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இவர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். மூன்றாம் நாள் என்னை டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் நேராகவே சொன்னார். பாதியில் விட்டால் எரிந்த கட்டி மறுபடி முளைக்கும், முளைத்தால் இரண்டாம் தடவை இந்த வைத்தியம் செய்ய முடியாது, இன்னும் இரண்டு நாள் விட்டால் சீட்டைக் கிழித்துவிட்டு உங்களை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், "இல்ல சார், நாளையிலருந்து வந்துருவா, மெட்ராஸ் தண்ணி அவளுக்கு ஒத்துக்கல" என்றார். கப்பல் ஆட்டம் போய்த் தண்ணீர் வந்திருந்தது. எனக்குப் பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது. சின்னவளுக்கு நாலு வயது. மறுநாள் போய்ப் படுத்தேன்.

நான் விட்ட மூன்று நாள், மெஷின் ரிப்பேர் ஆன மூன்று நாள், முகமூடி செய்ததில் ஓடிப்போன நாட்கள் என்று எல்லாம் சேர்ந்து, கப்பல் கிளம்புகிற தேதி வந்தபோது எனக்கு இன்னும் ஒன்பது தடவை பாக்கி இருந்தது. அதற்குள் இவர் சந்தையில் வெங்காயம் வாங்கிக் கப்பலில் ஏற்றியிருந்தார். மழைக்காலத்தில் தீவில் வெங்காயம் தங்கம். கூடப் போய் மூட்டையைப் புரட்டிப் போட்டுக் காற்றாட விடாவிட்டால் இறங்குவதற்குள் அழுகிவிடும். நீயும் ஒண்ணு ரெண்டு விட்டுட்டு வந்தா என்ன என்று ஒரு தடவை கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. "நீ மெல்ல இருந்து முடிச்சிட்டு அடுத்த ஜஹாஜ்ல வா. நான் போயி எடம் பாத்து வைக்கேன்" என்றார். எனக்கு எதற்கு அங்கே இடம் பார்க்க வேண்டும் என்று புரியவில்லை. என் வீட்டில் எனக்கு இடம் இல்லாமலா போகும். துறைமுகம்வரை நான் வழியனுப்பப் போகவில்லை. வெங்காயத்துக்கு வழியனுப்ப நான் எதற்கு.

மறுநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஜையில் ஏறி உட்கார்ந்தேன், படுக்க முடியவில்லை. டெக்னீஷியன் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூட வருபவர் எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. அவர் முகமூடியை மேஜையில் வைத்தார்.

"இன்னாம்மா, பயமா?"

"ஆமா. தினமும் பயமா இருக்கு. இதுக்குள்ள செத்துருவேன்னு இருக்கு. மூணு நிமிஷம்னு சொல்லி ஏமாத்துறீங்க, அது மூணு நிமிஷம் இல்ல."

 "நாலரை" என்றார் அவர். "மூணுன்னு சொன்னா தைரியமா இருப்பாங்கன்னு எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது."

"எனக்கு நாலரைன்னே சொல்லுங்க."

"சரிம்மா. ஆனா இத முன்னாடியே சொல்லக்கூடாதா? பயப்படறவங்களுக்குக் கண்ணையும் வாயையும் தெறந்து வுட்டு செய்வோமே. மோல்டு எடுத்த அன்னைக்கே டாக்டர் கேட்டாரே."

"யார்கிட்ட?"

"உன் வூட்டுக்காரர்கிட்டதான். உனக்கு மூஞ்சி மூடி இருந்துச்சு. பயப்படுவாங்களா, தெறந்த மாதிரி செஞ்சுடலாமா, அளவு திரும்பப் பாக்கணும், ஒரு வாரம் தள்ளிப் போவும்னு கேட்டாரு. அவருதான், என் பொண்டாட்டிக்கு பயமே கெடையாது, தீவுல வளந்தவன்னாரு."

என் வீட்டுக்காரரைத் திட்டத் தோன்றவில்லை எனக்கு அப்போது. மனுஷனுக்குப் பெண்டாட்டியைப் பற்றி அவ்வளவு பெருமை, ஒன்றும் தெரியாத மனுஷன் என்றுதான் நினைத்தேன். கோபம் இருந்தது, ஆனால் முட்டாளிடம் வருகிற கோபம் அது. டெக்னீஷியன் டாக்டரிடம் போய்ப் பேசினார். பாதி வைத்தியத்தில் இருந்தவள் என்பதால் வரிசையில் காக்க வைக்காமல், இரண்டு நாளில் அளவு பார்த்து, கண் இருந்த இடத்திலும் வாய் இருந்த இடத்திலும் வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டின ஓரத்தை அவர் அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தில் வைத்தார். கூரையில் ஒரு ஈரக்கறை தெரிந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. இருபத்தொரு நாள் இந்த ஈரக்கறை எனக்கு இல்லை என்று ஆக்கிவிட்டார்களே.

இன்னொன்றும் அவர் செய்தார். முடியவில்லை என்றால் வலது கையைத் தூக்கு, பக்கத்து அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், உடனே நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார். நான் ஒருநாளும் தூக்கவில்லை. தூக்கலாம் என்பதே போதுமாக இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகவில்லை. மேஜையில் என்னோடுதான் படுத்திருந்தது. ஆனால் நாலரை நிமிடம் என்று தெரிந்ததும் அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தபடி எக்ஸ்சேஞ்சுப் பலகையை மனதில் கொண்டுவந்து, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு நம்பரும் யாருடையது என்று சொல்லிக்கொண்டே போவேன். துறைமுகம், ஆஸ்பத்திரி, காட்டிலாகா, மரக்கடை, போலீஸ். மூன்று நிமிடம் ஆனதும், நேரம் முடிந்தது, நீட்டிக்க வேண்டுமா என்று என்னையே கேட்பேன். நீட்டிக்கலாம் என்று நானே சொல்வேன். ஒன்றரை நிமிடம் நீட்டித்து முடித்துவிடுவேன். ஒன்பது தடவையும் இப்படியே போனது. வாந்தி வரவில்லை. மெட்ராஸ் தண்ணீர் திடீரென்று ஒத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த கப்பலில் தனியாக ஊருக்கு வந்தேன். கழுத்து கருகி, நாக்கில் ருசி செத்து, எலும்பும் தோலுமாக இறங்கினேன். துறைமுகத்தில் இவர் பஜார்க்காரர்கள் நாலு பேரோடு நின்றிருந்தார். வங்காளி மீன் வியாபாரி ஒருவர், தெலுங்குத் தையல்காரர் ஒருவர், மற்ற இருவர் கடைப் பக்கத்துத் தமிழர்கள். பெட்டியை வாங்கிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இந்தியில் என் தைரியத்தைப் பற்றி ஆரம்பித்தார். முகத்தைத் திருகு போட்டு முடுக்கினார்கள், இவள் அசையவே இல்லை என்றார். அன்றைக்கே அந்தக் கதை தயாராக இருந்தது.

நானும் இந்தியிலேயே சொன்னேன். "டர் லகா தா. ரோஜ் டர் லகா தா." பயந்தேன், தினமும் பயந்தேன் என்றேன்.

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாபி தமாஷ் பண்ணுகிறாள் என்றார் மீன்காரர், அண்ணி என்கிற உரிமையில். இவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

பிள்ளைகளைக் கூட்டிவந்து, சமைத்து, நாலைந்து நாள் கழிந்தது. ஒரு மத்தியானம் கடையடைத்துச் சாப்பிட வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் அக்கா வீட்டிலுமாக இருந்தார்கள். சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"மோல்டு எடுத்த அன்னைக்கு, நான் பயப்படுவேனான்னு டாக்டர் உங்கள்ட்ட கேட்டாராமே."

"ஆமா, கேட்டாரு."

"பயமே கெடையாதுன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"எனக்குப் பயம் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்த பார்வையில் தப்புச் செய்தவர் முகம் இல்லை. இது என்ன கேள்வி என்கிற மாதிரிதான் பார்த்தார்.

"பயம் இல்லன்னு யாரு சொன்னா? நீ பயந்தது எனக்குத் தெரியாதா? அந்தப் பிளாஸ்டர் போடயிலேயே உன் காலு ரெண்டும் கெடந்து நடுங்கிச்சு. பயம்னு சொன்னா ஒரு வாரம் தள்ளிப் போவும்னாரு. ஜஹாஜ் போயிருமில்ல. அதான் டாக்டர் பாத்துரக் கூடாதுன்னு போர்வைய இழுத்து உன் காலை மூடினேன். நல்ல வேளை, அவரு பாக்கல."

சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அந்தப் போர்வை எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணும் காதும் மூடிக் கிடந்தபோது யாரோ ஒருவர் என் காலில் அதை இழுத்து, ஓரத்தைக்கூடச் செருகிவிட்டார். யாருடைய கை என்று தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இரக்கமுள்ளவர்கள் ஒருவராவது இருக்கிறார்கள் என்று நினைத்து, பிளாஸ்டருக்கு உள்ளேயே அழுதேன்.